இறங்காத கவளம்

சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சனிக்கிழமை மதியம் அந்தச் சட்டத்தை மீறினேன். மீறிய கையோடு என் மனைவியின் நெஞ்சுக்குள் கோழிக்கறித் துண்டு ஒன்று அடைத்துக்கொண்டது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவளுடைய உணவுக்குழாயில் புற்றுநோய் வந்ததும், கீமோவும் ரேடியேஷனுமாகக் கொடுத்தே அதை விரட்டியதும் இந்தப் பத்தியில் வாராவாரம் எங்கள் குடும்பத்தோடு உட்காருகிற வாசகர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போடுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: கட்டி போய்விட்டது. கட்டியோடு சேர்ந்து எங்கள் வீட்டில் அவசரமாகச் சாப்பிடும் பழக்கமும் போய்விட்டது.

முதல் கவளத்தை அவள்தான் எடுப்பாள். நிதானமாக மெல்லுவாள். அது இறங்கியதும் ஸ்பூனால் மேசையை ஒரு தட்டு தட்டுவாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தட்டில் கை வைப்போம். ஒருமுறை சாப்பிட வந்த விருந்தாளி இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறக்கும்வரை நாங்களும் பட்டினியாகக் காத்திருந்தோம்.

அவள் தட்டு காலியாகும்வரை நான் ஜோக் சொல்லக் கூடாது. இதுதான் சட்டத்தின் இரண்டாவது பிரிவு.

சனிக்கிழமை ஸ்பூன் தட்டியாகிவிட்டது. லீவில் வந்திருந்த மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்த வாரம்தான் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தோம். சந்தோஷம் என் மூளையை மழுங்கடித்துவிட்டது.

"நம்ம கிட்ட ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் வண்டி ஓட்டக் கத்துக்கறாரு" என்று ஆரம்பித்தேன். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன்.

"அப்பா, அம்மா சாப்பிடறாங்க" என்றாள் மகள்.

"சின்னதுதான், பாப்பா. சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சு. மனுஷன் அசையல. பின்னாடி அத்தனை ஹாரன். 'ஐயா, பச்சை'ன்னேன். 'பாத்தேன். சிவப்போட தரப்பையும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்'னாரு."

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு சிரிப்பு நின்றது. முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பை எடுத்து வைக்க மறந்துவிட்டவள் போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மெல்ல மேலேறி நெஞ்செலும்பின் நடுவில் நின்றது.

"இங்க நின்னுடுச்சு" என்றாள்.

"தண்ணி குடி."

ஒரு வாய் குடித்தாள். போன வழியே அது திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய எச்சிலுக்கும் அதே கதி. கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூச்சு வருதா?"

"வருது. பேசிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல" என்று தைரியம் சொன்னேன். வலது காலில் என் செருப்பும் இடது காலில் மகளுடைய செருப்புமாக நின்றுகொண்டுதான் சொன்னேன்.

என் பயிற்சிக் காரில்தான் கிளம்பினோம். என் கால்களைப் பார்த்துவிட்டு மகளே ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில். என் மனைவி பின்னால், கிண்ணத்தோடு.

அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகும்போது வாத்தியார் மிதிப்பதற்காக. இத்தனை வருடத்தில் அது என் காலின் ஓர் உறுப்பாகிவிட்டது. முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் வந்தது. மிதித்தேன். கார் குலுங்கி நின்றது.

"அப்பா!"

"சைக்கிள்."

"அது அடுத்த தெருவுல போகுது!"

அடுத்த சிக்னலில் மறுபடி மிதித்தேன். பின்சீட்டிலிருந்து என் மனைவி கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கறி கீழ இறங்கறதுக்குப் பதிலா நானே சீட்லேர்ந்து இறங்கிடுவேன் போலிருக்கே."

"காலைத் தூக்கி சீட்டு மேல வைங்கப்பா. சம்மணம் போடுங்க."

சம்மணம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த டிரைவிங் வாத்தியார் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவசரப் பிரிவிலிருந்து மேல்மாடிக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். என் மனைவி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் உள்ள கட்டடங்களின் லிஃப்டையெல்லாம் சோதித்து, ஓடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டிலும் நான் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவேன்.

கதவு மூடியது. அவள் கிண்ணத்தில் துப்பிவிட்டு, தள்ளி வந்த ஊழியரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கதவு ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாடியே மூடுது. ஓரத்துல இருக்கற சென்சர் வேலை செய்யல. ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் கால் மாட்டிக்கறதுக்குள்ள பாக்கச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான், "நோயாளிதாங்க" என்றேன்.

மேலே ஓர் இளம் டாக்டர். தூக்கம் கெட்ட கண்கள். கேள்விகளை வரிசையாகக் கேட்டார்.

"ரேடியேஷன் எடுத்தது எப்போ?"

"ஏழு வருஷம் ஆச்சு" என்றேன்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குமா?"

"ரெண்டாவது மாடியில நிப்பா. நுரையீரல் ஓரத்துல தழும்பு இருக்குன்னு அப்பவே சொன்னாங்க. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் லிஃப்ட்ல போறதுல தப்பில்லன்னு விட்டுட்டோம்."

அவர் சிரிக்கவில்லை.

"விழுங்கறதுல கஷ்டம் எவ்வளவு நாளா?"

"இன்னைக்கு மதியம்தான் டாக்டர். நான் ஒரு ஜோக் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

இதைச் சொல்லும்போது என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள். ஒரு பார்வை, அவ்வளவுதான். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்லும்போது கண் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"திரும்ப வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முதல்ல அடைச்சிருக்கறத எடுப்போம் சார்."

ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி அறைக்குள் கொண்டுபோனார்கள். மயக்க ஊசி போட வந்த நர்ஸிடமும் அதையே கேட்டேன். "டாக்டர் சொல்லுவாங்க" என்றாள். ஸ்கேன் அறைக்காரரிடம் கேட்டேன். "நான் படம்தான் எடுப்பேன், படிக்கறது வேற ஆளு" என்றார். சக்கர நாற்காலி தள்ளிய ஊழியரிடமும் கேட்டிருப்பேன். அவர் என்னைக் கண்டதும் படிக்கட்டில் இறங்கிவிட்டார்.

காத்திருக்கும் இடத்தில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே சுவரில் மூடிய கதவு. மகள் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மனிதர்கள் சராசரியாக எப்போது போய்ச் சேருவார்கள் என்று கணக்குப் போடுவது அவள் தொழில். குழந்தையாக இருந்தபோது பொம்மைக்கெல்லாம் ஜுரம் பார்த்தவள். டாக்டராக வருவாள் என்று நினைத்தேன். டாக்டர்கள் தோற்ற பிறகு நடப்பதைக் கணக்குப் பார்ப்பவளாக வந்திருக்கிறாள்.

"உன் கணக்கு என்ன சொல்லுது?" என்றேன்.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா அதே நோய் திரும்பறது குறைவுப்பா. அதுக்கப்புறம் ரேடியேஷனோட விளைவுதான் தலைகாட்டும். குழாய் சுருங்கறது, நுரையீரல், இதயம், தைராய்டு. கட்டிக்கு அனுப்பற கதிர் வழியில இருக்கறதையும் தொட்டுட்டுத்தானே போகுது. அது வருஷக்கணக்குல மெதுவா வெளிய வரும்."

"குறைவுன்னா இல்லைன்னு அர்த்தமா?"

"இல்ல."

"அப்ப இருக்குன்னு அர்த்தமா?"

"அப்பா!"

"ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்க கம்பெனியில சம்பளம் கொடுக்க மாட்டாங்களா?"

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. சின்ன வயதில் பொம்மை உடைந்தாலும் முதலில் அதுதான் சிவக்கும்.

"இது கூட்டத்தோட கணக்குப்பா. ஆயிரம் பேர்ல இத்தனை பேர்னு சொல்லும். அதுல அம்மா எந்தப் பக்கம்னு சொல்லாது."

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

ரேடியேஷனின் கடைசி நாள். வாரக்கணக்கில் தினமும் அந்த மேசையில் படுத்து எழுந்திருந்தாள். நெஞ்சில் மையால் குறி போட்டிருந்தார்கள். குளிக்கும்போது அது அழிந்துவிடக் கூடாது என்பதே அவளுக்குப் பெரிய கவலை. கடைசி வாரங்களில் தண்ணீர் விழுங்குவதுகூடக் கண்ணாடித் தூளை விழுங்குவது போல இருந்தது அவளுக்கு. அன்றைக்கு மேசையிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

"இது ஒரு தடவைக்குத்தான். இன்னொரு தடவை வந்தா என்னைக் கூப்பிடாதீங்க."

என் மனைவி பேச்சுக்குப் பேசுகிறவள் இல்லை. ஓடக் கூடாது என்று அவள் பூட்டிய லிஃப்டை மந்திரியே வந்து நின்றாலும் திறக்க மாட்டாள். ஒருமுறை ஒரு மந்திரி வந்தே நின்றார். ஆறு மாடி ஏறித்தான் போனார்.

அதனால் எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, திரும்ப வந்திருக்கிறதா. இரண்டு, வந்திருந்தால் அவள் சிகிச்சைக்கு வருவாளா. இரண்டாவதை எந்த நர்ஸிடமும் கேட்க முடியாது.

"எல்லாம் என்னாலதான்" என்றேன். "வாயை மூடிட்டு சாப்பிட்டிருந்தா இந்நேரம் அவ மூணாவது ரவுண்டு கறி எடுத்திருப்பா."

மகள் என்னைப் பார்த்தாள். ஏதோ ஒரு கதவு அவளுக்குள் திறந்து மூடித் திறந்தது.

"உங்களால இல்லப்பா."

"சும்மா சொல்லாத."

"நான் லீவுக்கு வரல. அம்மாதான் கூப்பிட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "வர்ற புதன்கிழமை இதே ஆஸ்பத்திரியில காட்டறதுக்கு நேரம் வாங்கியிருந்தோம். நீங்க கிளாஸுக்குப் போனதும் நானும் அம்மாவும் வந்துட்டுப் போறதா இருந்தோம். உங்ககிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு..."

"எதுக்கு நேரம்?"

"அம்மாவுக்குக் கொஞ்ச நாளாவே இறங்கலப்பா. ஸ்பூனைத் தட்டறாங்கல்ல... அது பொய். இறங்கினதும் தட்டல. நாம பசியோட உக்காந்திருக்கோமேன்னு முன்னாடியே தட்டிடறாங்க. அப்புறம் எழுந்து உள்ள போய் துப்பிட்டு வர்றாங்க. வந்த ரெண்டாவது நாளே நான் பாத்துட்டேன்."

கேட்டவுடன் எனக்கு நிம்மதிதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நிம்மதி. என் ஜோக் குற்றவாளி இல்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே புளித்துப்போனது. எதிரே உட்கார்ந்து தினம் மூன்று வேளை அந்த ஸ்பூன் சத்தத்தைக் கேட்டவன் நான். அவள் தட்டியதும் பாய்ந்து சாப்பிட்டவனும் நான்தான். ஊரான் கால் கிளட்ச்சில் அரை அங்குலம் தவறினால் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு கவளம் இறங்கவில்லை, அது தெரியவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"அதை அம்மாகிட்டயே கேளுங்க."

மூடிய கதவு திறந்தது. எண்டோஸ்கோப்பி செய்த டாக்டரம்மா வெளியே வந்தார். உயரமாக, தலையில் பச்சைத் தொப்பியோடு.

"கறி வெளிய வந்துடுச்சு" என்றார். "நல்லா இருக்காங்க. முழிச்சுட்டாங்க."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அது நின்ன இடத்துல குழாய் சுருங்கியிருக்கு. முன்னாடி கட்டி இருந்த அதே இடம். ரொம்பக் குறுகல். இது ஒரு நாள்ல ஆன சுருக்கம் இல்ல. மாசக்கணக்குல இறுகியிருக்கு."

"நான் ஜோக் சொன்னேன் டாக்டர்."

"எத்தனை வருஷமா சொல்றீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"அதை அவங்க குழாய் தாங்கியிருக்கு. இது ரேடியேஷனோட தழும்பு மாதிரி தெரியுது. வருஷங்கள் கழிச்சும் இப்படி வரும்."

"தெரியுதா, இல்ல தழும்பேதானா?"

"பார்வைக்குத் தழும்புதான். ஆனா பார்வையை மட்டும் நம்பக் கூடாது. சின்னச் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கேன். அது வரட்டும்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் நினைக்கறதைச் சொன்னா அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குவீங்க. முடிவு வேற மாதிரி வந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். இன்னொண்ணும் இருக்கு. ஸ்கேன்ல இதயத்தைச் சுத்திக் கொஞ்சம் நீர் தெரியுது. இன்னைக்கு பயப்படற அளவு இல்ல. ஆனா இதய டாக்டர் பாத்தே ஆகணும். அதுவும் பழைய ரேடியேஷனோட வேலையா இருக்கலாம்."

மகள் கணக்குக்காரியின் குரலில் கேட்டாள்: "தழும்பா இருந்தா என்ன பண்ணணும், நோயா இருந்தா என்ன பண்ணணும் டாக்டர்?"

"வாங்க, அவங்க முன்னாடியே சொல்றேன். அவங்க என்கிட்ட ஏற்கெனவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

உள்ளே சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திரைச்சீலை. என் மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் மட்டும் வேலைக்குக் கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. குரல் கரகரத்தது.

"எங்க விட்டோம்?" என்றாள் டாக்டரைப் பார்த்து.

"தழும்பா இருந்தா பலூன் வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விரிப்போம். ஒரே தடவையில முடியாது. விரிச்சாலும் சில பேருக்குத் திரும்பச் சுருங்கும். திரும்ப வரணும். இன்னைக்கே ஏன் விரிக்கலன்னா, கறி நின்ன இடம் புண்ணா இருக்கு. பயாப்ஸியும் வரல."

"விரிக்கும்போது கிழியுமா?"

"கிழியலாம். ரொம்ப அபூர்வம்."

"கிழிஞ்சா?"

"அப்ப அது பெரிய பிரச்சினை. ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். அதனாலதான் அவசரப்பட மாட்டோம்."

"சரி. நோயா இருந்தா?"

"அதே இடத்துல மறுபடி அதே மாதிரி ரேடியேஷன் கொடுக்க முடியாது. அந்த இடம் ஏற்கெனவே தாங்க வேண்டியதைத் தாங்கிடுச்சு. வேற இடத்துக்குப் பரவலன்னா ஆபரேஷன்தான். ரேடியேஷன் பட்ட இடத்துல கத்தி வைக்கறது சாதாரண ஆபரேஷனை விடக் கஷ்டம். அதையும் மறைக்காம சொல்லிடறேன்."

"நல்லது" என்றாள் அவள். யாராவது கட்டடத்தின் வரைபடத்தை ஒளிக்காமல் மேசையில் விரித்து வைத்தால் சொல்வாளே, அந்த 'நல்லது'.

டாக்டரம்மா போய்விட்டார். இன்றிரவு இங்கேயே இருக்க வேண்டும், இப்போதைக்குத் தண்ணீர்கூட நர்ஸைக் கேட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் வீட்டுக்குப் போய் மாற்றுடையும் போர்வையும் எடுத்து வருவதாகச் சாவியை வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்மா. புதன்கிழமையை."

"தெரியும். அவர் நிக்கற நிப்பைப் பாத்தாலே தெரியுதே. நீ போயிட்டு வா."

திரைச்சீலை ஆடி நின்றது. நானும் அவளும் மட்டும்.

என் நாக்கில் மூன்று ஜோக் வந்து வரிசையில் நின்றது. ஒன்று கோழியைப் பற்றி. மற்ற இரண்டும் அதைவிடக் கேவலம். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளிடம் கேட்க வேண்டிய பெரிய கேள்விகளையெல்லாம் ஜோக்காகத்தான் கேட்டிருக்கிறேன். அவளும் சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விடுவாள். இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. இன்றைக்கு அந்த வசதி வேண்டாம் என்று முடிவுசெய்தேன். மூன்றையும் விழுங்கினேன்.

நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

"எவ்வளவு நாளா?"

"உங்க கால்ல அது பாப்பாவோட செருப்புதானே?"

"ஆமா. எவ்வளவு நாளா?"

"அவ எப்படி நடந்து போறா?"

"என் இன்னொரு செருப்பைப் போட்டுட்டுப் போயிருக்கா. எவ்வளவு நாளா இறங்கல?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் சிரிப்புக்கு வழிவிடவில்லை என்று புரிந்திருக்க வேண்டும். தலையணையில் இன்னும் கொஞ்சம் மேலேறி உட்கார்ந்தாள்.

"ஆறு மாசமா" என்றாள். "முதல்ல பிரெட்டு நின்னுச்சு. அப்புறம் கறி. இப்ப குழைச்சுச் சாப்பிட்டாத்தான் போகுது. இன்னைக்கு உங்க முன்னாடி வேணாம்னு சொல்ல முடியாமதான் கறியை எடுத்தேன். எடை குறைஞ்சுது. பெல்ட்ல ஒரு ஓட்டை புதுசாப் போட்டுக்கிட்டேன்."

"வருஷா வருஷம் காட்டணும்னு சொன்னாங்களே. போன வருஷம் போயிட்டு வந்தேன்னு சொன்னியே?"

"போகல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். திரும்பி ஆபீஸுக்குப் போயிட்டேன்."

"ஓடற லிஃப்டுக்கு ஒரு மாசம் சோதனை தவறினா பூட்டுப் போடறவ நீ."

"ஆமா. அதுதான் நிஜம். போடுங்க பூட்டு."

கோபம் வந்தது எனக்கு. நான் கோபப்பட்டால் குரல் மெலிந்து கீச்சென்று போகும். அதனால் யாரும் என்னைப் பார்த்து பயந்ததில்லை. இருந்தும் கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரனா?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ரேடியேஷன் நடந்தப்ப தினம் சாயங்காலம் காரைத் துடைக்கப் போறேன்னு கீழ போவீங்களே, ஞாபகம் இருக்கா?"

"துடைச்சேன்."

"துடைக்கல. கண்ணாடியை ஏத்திட்டு உள்ள உக்காந்திருப்பீங்க. நான் பால்கனியிலேர்ந்து பாப்பேன். ஒரு நாள் வைப்பர் ஓடிட்டிருந்துச்சு. வானத்துல ஒரு பொட்டு மழை இல்ல."

எனக்குக் காது சுட்டது.

"கண்ணாடி மங்கலாத் தெரிஞ்சுது" என்றேன். "அதான் போட்டேன்."

"மங்கலா இருந்தது கண்ணாடி இல்ல."

"அப்ப எனக்கு அது புரியல."

"எனக்குப் புரிஞ்சுது. அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தைரியம் வரல. அந்த மேசையில படுக்கறதுக்கு அப்பவே ஒரு வழியா மனசு பழகிடுச்சு. அந்த வைப்பருக்குப் பழகல. பாப்பாகிட்ட சொன்னா கணக்குப் போடுவா, தாங்குவா. உங்ககிட்ட எல்லாம் தெரிஞ்ச பிறகு சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். தப்புதான்."

மூக்கை உறிஞ்சினேன். நான் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதை இப்போது கேட்காவிட்டால் பயாப்ஸி வரும்வரை நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தது.

"கடைசி நாள் ஒண்ணு சொன்னே. இன்னொரு தடவை வந்தா கூப்பிடாதீங்கன்னு."

"சொன்னேன்."

"அதுலேர்ந்து அதேதான் எனக்கு நினைப்பு. டாக்டரைக் கேட்டா பயாப்ஸி வரட்டும்ங்கறாங்க. பாப்பாவைக் கேட்டா ஆயிரம் பேரைப் பத்திப் பேசறா. உன்னைக் கேக்கறேன். வந்திருந்தா, ஆபரேஷன்தான்னா, ஒத்துக்குவியா மாட்டியா? சுத்தி வளைக்காத. செருப்பைப் பத்திப் பேசாத. ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஊசி குத்தியிருந்த கையை அவள் மெல்லத் தூக்கினாள். குழாய் இழுபடாமல் பார்த்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி நன்றாக இறுகியது.

"ஆமா" என்றாள். "ஒத்துக்குவேன். அன்னைக்கு முடியாதுன்னேன், அன்னைக்கு முடியல. அதுக்கப்புறம் எனக்கு ஏழு வருஷம் கிடைச்சிருக்கு, அது எனக்குப் பிடிச்சிருக்கு, இன்னும் வேணும். தழும்புன்னா எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து விரிச்சுக்கறேன். நோய்னா வெட்டிக்கறேன். இதயத்துல தண்ணின்னா அதையும் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தடவை நீங்க தனியா கார்ல போய் உக்காரக் கூடாது. அழறதா இருந்தா இங்க, என் பக்கத்துல உக்காந்து அழுங்க."